ஏணியில் இரண்டு தட்டு

செம்பூர் டாக்டர் என் தொண்டைக்குள் விட்ட குழாயை வெளியே எடுத்துவிட்டு, திரையில் நின்ற படத்தைக் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிரே கடுகளவு ஒரு முடிச்சு. "இது கத்தினதால வந்தது" என்றார். நான் பாடகி என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பாடினதால் வந்தது என்று அவர் சொல்லவில்லை, கத்தினதால் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சண்டை போட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாடக் கூடாது, முனகக் கூடாது. கிசுகிசுப்பாகப் பேசுவது இன்னும் கெடுதல், அதுவும் கூடாது. அதன் பிறகு வந்து காட்ட வேண்டும். முடிச்சு கரைந்திருந்தால் பிழைத்தேன், இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் பாட முடியுமா என்று கைப்பேசியில் எழுதிக் காட்டினேன். "அப்போ பாத்துக்கலாம்" என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது?

ஆற அமர யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. தாராவியில் எங்கள் இடம் இரண்டு அடுக்கு. கீழே அப்பாவின் கார்கானா. பள்ளிக்கூடப் பை தைக்கும் மெஷின்கள் காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஓயும். மேலே ஒரே அறை, அதுதான் வீடு. சந்திலிருந்து செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் ஏறி அதற்குப் போக வேண்டும். கீழே மெஷின், எதிர்வீட்டில் டிவி, சந்துமுனையில் ஹாரன். இவை எல்லாவற்றுக்கும் மேலே கேட்டால்தான் அது பேச்சு. எங்கள் வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்பதே ஊர்வலக் கோஷம் மாதிரி இருக்கும்.

என் பாட்டும் அப்படித்தான் ஆரம்பித்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து நடத்தும் கோயில் கொடை விழாவில் முதலில் மேடையேற்றினார்கள். பிறகு கணபதி பந்தல்களில் ஆர்கெஸ்ட்ரா. நம் பந்தலில் ஒரு ஸ்பீக்கர் அலறும், அடுத்த தெருப் பந்தலில் இன்னொன்று அலறும், நடுவே நம் குரல் நமக்கே கேட்காது. கேட்கும் வரை கத்து என்பதுதான் நான் கற்ற முதல் சங்கீதப் பாடம். நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

மாட்டுங்காவில் பி.காம். படிக்கும்போது சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, கிதாரும் கையுமாகப் பாந்த்ராவின் காபிக் கடைகளில் பாடினேன். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. பட்டம் வாங்கியதும் அப்பா கணக்கெழுதும் வேலைக்குப் போகச் சொன்னார். நான் திரையிசைக்கென்று இருந்த ஒரு வருடப் படிப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கே எல்லாவற்றையும் ஸ்வரமாக எழுதச் சொன்னார்கள். பாடிக் காட்டினால் போதாதா, குரல் இருக்கும்போது பேப்பர் எதற்கு என்று வகுப்புக்கு வகுப்பு மல்லுக்கு நின்றேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாட்டுங்காக்காரி அத்தனையையும் மணிமணியாக எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவள்தான் பிறகு என் சிநேகிதி ஆனாள்.

படிப்பு முடிந்து சில குறும்படங்கள், ஒரு சோப்பு விளம்பரம் என்று ஓடியது. வீட்டிலேயே ஒரு மூலையில் லேப்டாப்பும் மைக்கும் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். மதியம் மெஷின் நிற்கும் நேரத்தில் ரஜாய்ப் போர்வையைத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டு பாடிப் பதிவு செய்வேன். ஒரே ஒரு வரி பாக்கி, கொஞ்சம் மெஷினை நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். "ஓடுத மெஷின நிறுத்தவா? ஒம் பாட்டு எங்க ஓடிரப் போவுது, மத்தியானம் பாடு" என்பார். ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை.

அப்புறம்தான் ஒரு முழுப்படம் கிடைத்தது. இயக்குநர் மராத்திக்காரர், கதை மான்குர்த்தில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. கதாநாயகி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்வதோடு படம் முடியும். அந்த இடத்துக்கு ஒரே ஒரு பாட்டு. நானே எழுதி, நானே இசையமைத்து, நானே பாடுவதாக ஏற்பாடு. ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோவும் பிடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டை மக்கர் செய்தது.

பாட்டு இப்படித் தொடங்கும்:

வந்துட்டேன், கதவத் தெற,
வழியில ஒண்ணும் ஆகல.

இதற்காக நான் மூளையைக் கசக்கவில்லை. பாடிவிட்டு எந்நேரம் திரும்பினாலும், ஏணியில் நான் கால் வைத்ததும் மேலேயிருந்து அம்மா, "வந்துட்டியாட்டி?" என்பாள். "வந்துட்டேம்மா" என்பேன். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணை மூடுவாள். அவள் கேட்காத நாளும் இல்லை, நான் சொல்லாத நாளும் இல்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் கேட்டாள். அப்பாவுக்கு நான் முன்பே செய்தி அனுப்பியிருந்தேன், அவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. நான் ஏணிக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன். "வந்துட்டேன்னு தட்டுதா" என்று மேலே அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

பேசாமல் இருப்பவளிடம் ஜனங்கள் நடந்துகொள்ளும் விதம் இருக்கிறதே, சிரிப்பாக வரும். ஆனால் வாய்விட்டுச் சிரிக்கவும் எனக்கு அனுமதி இல்லை. எதிர்வீட்டு அத்தை எனக்குக் காதும் போய்விட்டதாக முடிவு கட்டி, காதருகே வந்து "சாப்ட்டியாளா?" என்று அலறுவாள். அப்பா, எதற்கென்று அவருக்கே தெரியாமல், தானும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார். கைப்பேசியில் ஒரு வசதி இருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு பெண் குரல் தமிழில் பேசும். நான் எப்படித் தட்டினாலும் அது சலவை செய்துதான் கொடுக்கும். "அம்மா, எனக்குச் சற்று வெந்நீர் தேவை" என்று அது சொன்னதும் அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"யாருட்டி இவ, நியூஸ் வாசிக்கவ மாதிரி? வெந்நி வேணும்னா வெந்நின்னு கேக்கச் சொல்லு."

வேடிக்கையெல்லாம் பகலில்தான். படுத்தால் பயம் வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே காரியம் பாடுவது. அது போய்விட்டால் நான் யார்? அப்பா சொன்ன கணக்கெழுதும் வேலைக்குத் திரும்பிப் போய் நிற்க வேண்டுமா? எச்சில் விழுங்கினால்கூட முடிச்சு பெரிதாகிவிடுமோ என்று விழுங்காமல் கிடந்திருக்கிறேன்.

இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் அவராலும் தேதியைத் தள்ள முடியவில்லை. வேறு யாராவது பாடட்டும் என்றார். சிநேகிதியைக் கேட்டேன். சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் படித்தவள், உடனே ஒத்துக்கொண்டாள். பாடிக் காட்ட முடியாதே, உட்கார்ந்து எழுதினேன். எதற்கு என்று நான் சண்டை போட்ட அதே ஸ்வரக்குறிப்பு. எழுதி அனுப்பியதும், "இப்பவாவது கத்துண்டியே!" என்று பதில் போட்டாள்.

ஒலிப்பதிவு அன்று அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "ஒனக்குத்தான் பேச முடியாதுல்லா, ஒன் வாய்க்குப் பதிலா நான் வாரேன்." தடுத்துப் பேச எனக்கு வாய் ஏது? மாஹிமில் ரயில் ஏறினோம். சிநேகிதி முந்தின ஸ்டேஷனிலேயே ஏறி, பெண்கள் பெட்டியில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "வாங்கோ மாமி" என்றாள். "என்னைய மாமிங்கா" என்று அம்மா என் விலாவில் இடித்தாள். அந்தேரி வரை அந்தப் பெருமை முகத்திலிருந்து இறங்கவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிநேகிதி பாடினாள். நான் எழுதியதில் ஒரு புள்ளி பிசகவில்லை. "வந்துட்டேன்" என்ற சொல்லில் மட்டும் அவள் குரல் தானாக ஒரு சுழி சுழித்து அழகு செய்தது. அழகுதான், அதில்தான் தொந்தரவு. சன்னதிக்கு வந்து நிற்கிறவள் மாதிரி இருந்தது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் மாதிரி இல்லை. கைப்பேசியில் தட்டி, அவளோடு பேசுவதற்கென்று எங்கள் பக்கம் இருந்த மைக்கில் வைத்தேன். "தயவுசெய்து கமகத்தைத் தவிர்க்கவும்" என்றது அந்தப் பெண் குரல்.

"ஸ்டேஷன் அனௌன்ஸ்மென்ட் மாதிரின்னா இருக்கு! சரி, தவிர்த்துடறேன்" என்று சிரித்தாள்.

தவிர்த்தாள். பாட்டு வற்றிப்போயிற்று. நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், மேஜையைத் தட்டினேன். யாருக்கும் எதுவும் புரியவில்லை. என் குரல் இருந்தால் ஒரு நொடி வேலை இது. என் பாட்டை இன்னொருத்தி பாடுகிறாள், எப்படி என்று சொல்லக்கூட எனக்கு வக்கில்லை.

அப்போதுதான் மூலைச் சோபாவிலிருந்து அம்மா எழுந்து அந்த மைக் பக்கம் வந்தாள்.

"அப்பிடி இல்லம்மா. பாட்டுன்னு நெனைக்காத. காலு கடுக்க வந்து நிக்கா. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முழிச்சுக்கிட்டுக் கெடக்கான்னு அவளுக்குத் தெரியும். பாடவா செய்வா? சொல்லத்தான செய்வா?"

சொல்லிவிட்டு அவளே பாடினாள். உன்னை யார் கூப்பிட்டது என்று எனக்கு மண்டை சூடேறியது. குரல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். கத்த முடியாததால் கேட்டேன்.

அம்மாவுக்குச் சுருதி கிடையாது, குரல் கரகரப்பு. ஆனால் அவள் பாடியது நான் அனுப்பிய மெட்டு இல்லை. முதன்முதலில் எனக்கு வந்த மெட்டு. சினிமாவுக்கு இது போதாது என்று நினைத்து, "ஆகல" என்ற சொல்லை நான்தான் பிற்பாடு மேலே தூக்கியிருந்தேன். அம்மா பாடியதில் அது மேலே போகவில்லை. கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தது. எந்நேரமும் கொசு மாதிரி என்ன ரீங்காரம் என்று என்னைத் திட்டிக்கொண்டே, சமையல் செய்துகொண்டே, அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாமி, இன்னொரு தரம் பாடுங்கோ" என்றாள் சிநேகிதி.

"போம்மா, எனக்கெங்க பாட வருது" என்று வெட்கப்பட்டாள், பட்டபடியே பாடினாள். அடுத்த முறை சிநேகிதி பாடியபோது சுழி இல்லை, ஏற்றம் இல்லை. ஒரு பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "ஹோ கயா" என்றார், முடிந்தது என்று.

எனக்கு அழுகை வந்தது, பொறாமையினால் இல்லை. என் தொண்டையைத் தொடாமலே என் பாட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. எழுத என்னால் முடியும், மெட்டுப் போட முடியும், அதை இன்னொரு வாயில் வைக்கவும் முடியும். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் பாதி இறங்கியது. மீதிப் பாதி செம்பூர் டாக்டரிடம் இருந்தது.

திரும்பும் ரயிலில், இதெல்லாம் எப்போது கேட்டாய் என்று அம்மாவைக் கையால் கேட்டேன். "இருக்கது ஒத்த ரூமு. காத எங்க கொண்டு வைக்க?" என்றாள்.

டாக்டரிடம் போக வேண்டிய நாளும் வந்தது. எங்கே போனாலும் என் வாயாகக் கூட வந்தவள், அன்றைக்கு மட்டும், "எனக்கு வேல கெடக்கு, நீ போயிட்டு வா" என்றாள். ஒரு வேலையும் இல்லை. பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம்.

மறுபடி குழாய், மறுபடி திரை. ஒரு முடிச்சைக் காணவே இல்லை, இன்னொன்று இருந்த தடம் மட்டும் தெரிந்தது. "ஈ சொல்லுங்க" என்றார். சொன்னேன். நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த மாதிரி கரகரத்தாலும், சத்தம் வந்தது. என் சத்தம். அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். இப்போதைக்கு நாளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம், போகப் போகக் கூட்டலாம், பாடுவது அப்புறம், அதுவும் கொஞ்சம் இறங்கின சுருதியில். கத்துவது மட்டும் இனி எப்போதும் கூடாது.

அவருக்கு நன்றியைக்கூடக் கும்பிட்டுத்தான் சொன்னேன். ஆட்டோக்காரரிடம் கைப்பேசியில் இடத்தைக் காட்டினேன். அந்த ஐந்து நிமிடத்தைக் கண்டவர்களுக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. சயான் வரும் வரை ஆட்டோவில் சத்தம் போடாமல் அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

சந்துக்குள் நுழைந்தபோது கார்கானாவில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஏணியில் கால் வைத்தேன். தட்டுவதற்குக் கை தானாகக் கம்பிக்குப் போயிற்று, இழுத்துக்கொண்டேன்.

"வந்துட்டியாட்டி?" மேலேயிருந்து கேட்ட அந்தக் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

"வந்துட்டேம்மா" என்றேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அந்த மெஷின் இரைச்சலில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மேலே பாத்திரம் ஒன்று விழுந்தது. அம்மா ஏணி உச்சியில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். தட்டுச் சத்தம் கேட்காததால் வந்திருக்கிறாள். மறுபடி சொன்னேன், உதடு அசைவதைப் பார்த்துவிட்டாள். குனிந்து கார்கானாவைப் பார்த்து, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஏங்க! மெஷின நிறுத்தச் சொல்லுங்க!"

ஏன் என்று அப்பா கேட்கவில்லை. ஒவ்வொரு மெஷினாக நின்றது. தைத்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பாவும் கையில் பாதி தைத்த பையோடு அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இப்ப சொல்லு" என்றாள் அம்மா.

"வந்துட்டேம்மா" என்றேன்.