நான் சென்னையில் இருந்ததாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

டிப்ளமோ முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் இன்டர்வியூக்களுக்குப் போனேன். அடுத்த வருஷம் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கூடப் படித்தவர்கள் காலை ரயிலில் வேலைக்குப் போனார்கள். அவர்கள் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக முடிவானது. முந்தின நாள் நைனா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ சென்னைல கம்பெனில இருக்கன்னு சொல்லிட்டேன்டா. நாளைக்கு வீட்ல இருக்காத."

"எங்க போறது?"

"எங்கனா போ. சாயந்திரமா வா."

மறுநாள் காலை அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். திருத்தணியில் எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்தவர்கள் வருவார்கள். ரயிலேறி அரக்கோணம் போய் பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். "பையன்கிட்ட பேசறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டுவிட்டால் என்ன சொல்வது? போனை அணைத்து வைத்தேன். அக்கா என்ன புடவை கட்டியிருப்பாள் என்றுகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா போற?"

"சென்னைக்கு."

"வேலைக்கா?"

"ஆங்."

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. "இது சென்னைக்குத்தான் போவுது. ஏறலியா?" என்றார். அடுத்ததில் வருவதாகச் சொன்னேன். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அந்தப் பெஞ்சில் இருக்க முடியவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அடுத்த பிளாட்பாரத்துக்கு மாறினேன்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. கல்யாணத்தில் யாராவது கேட்டால் சிரித்து நழுவினேன். அப்புறம் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போனபோதுதான், அக்கா உள்ளே இருந்த நேரம் பார்த்து, அவள் புருஷனிடம் சொன்னேன்.

"பாவா, நான் சென்னைலலாம் இல்ல. மூணு வருஷமா சும்மாத்தான் கீறேன்."

"தெரியும்ப்பா. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு தனியா பேசறப்பவே உங்க அக்கா சொல்லிட்டா. உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு போன் பண்ணச் சொன்னேன். ஆஃப்ல இருந்துச்சே?"

எனக்காக அங்கே ஒருவர் காத்திருந்திருக்கிறார். நான் பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு வேலை கிடைக்க அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி நைனாவும் நானும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.