பச்சை டிக் போட்ட மெக்கானிக்

சும்மா இருப்பதற்காக அவ்வளவு உழைத்த மனிதரை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குக் கிளம்பும்போது லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாரென்றால், அவள் திரும்பி வந்து கைப்பையை ஆணியில் மாட்டும்போதும் அதே நாற்காலி, அதே பனியன். என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "ஒரு தடவ கஷ்டப்பட்டு சைட்டப் போட்டுட்டா போதும். அப்புறம் அது பாட்டுக்குச் சம்பாதிக்கும், நாம தூங்கலாம்" என்பார். சொல்லும்போது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும்.

மனைவியின் தம்பி லாரி ஷெட்டில் சூப்பர்வைசர். நேரில் மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். முதுகுக்குப் பின்னால் அவன் வைத்த பெயர் லிஸ்ட்டு. "அக்கா, லிஸ்ட்டு எழுந்தாச்சா?" என்று போனில் விசாரிப்பான். அந்தப் பெயரே தெருவில் மரியாதையாக வளர்ந்து லிஸ்ட்டுக்காரர் என்று நிலைத்துவிட்டது.

தொழிலும் அதுதான். டாக்டர், வக்கீல், ஓட்டல் என்று இணையத்தில் தேடினால் ஆயிரம் பேர் முட்டிமோதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அங்கே நமக்கு இடமில்லை. ஊரே சீந்தாத, ஆனால் தேவைப்பட்டவன் மட்டும் தலைதெறிக்கத் தேடுகிற ஒரு சின்ன விஷயமாகப் பிடிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் திரட்டி ஓரிடத்தில் அடுக்கினால் அது ஒரு டைரக்டரி. ஓரத்தில் விளம்பரம் ஓடும். கூட்டம் சேர்ந்ததும், தளதளவென்று வளர்ந்த கன்றுக்குட்டியை ஓட்டிவிடுவது மாதிரி மொத்தமாக விற்றுவிடலாம். டைப்ரைட்டர் ரிப்பேர் டைரக்டரி போட்டார். டைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் இணையத்துக்கே வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கிளி வைத்தியர்கள் டைரக்டரி அடிமாட்டு விலைக்குப் போயிற்று. மூன்றாவதுதான் காது மெஷின் ரிப்பேர் செய்பவர்கள். அது பிய்த்துக்கொண்டு ஓடியது.

பெயர்களை எங்கே பிடித்தார் என்று கேட்கக்கூடாது. ஏற்கெனவே யாரோ போட்டிருந்த நாலைந்து பட்டியல்களிலிருந்து ஒரு சின்ன புரோகிராமை விட்டு வழித்து எடுத்ததுதான். தொழிலில் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை, திரட்டு என்பார்கள். எடுத்த பெயர்களுக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு பச்சை டிக்கும் போட்டார். ஒரே கட்டளை, அத்தனை பேருக்கும் டிக். ஒருவருக்குக்கூட போன் பண்ணிப் பார்த்ததில்லை. அப்படிப் பார்ப்பதென்றால் அது சும்மா வருமானம் ஆகாதே.

மனைவி பொறுமைசாலி, ஆனால் பொறுமைக்கும் ஒரு தேதி உண்டு. இதை விற்றால் இந்தத் தொழிலிலேயே இருங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் முன்பு இருந்த குடோனிலேயே பில் போடும் வேலைக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். சத்தம் போடாமல், துணி மடித்துக்கொண்டே சொன்னதால் அது மிரட்டல் இல்லை, முடிவு என்று அவருக்குத் தெரிந்தது.

நல்ல வேளையாக ஒருவர் வாங்க வந்தார். முகம் காட்டாதவர், குரல் மட்டும். பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நம்பரை அழுத்துகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து அசந்துபோயிருந்தார். மூன்று மாதமாகக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. அதிலும் பட்டியலில் முதலில் இருக்கும் மெக்கானிக்குக்கு ஒரே ஆள் நாலைந்து தடவை கூப்பிடுகிறார். "திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்கன்னா என்ன அர்த்தம் சார்? நம்பிக்கை" என்றார் குரல். வெள்ளிக்கிழமை கைமாற்றிக்கொள்ளலாம், அதுவரை பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்பது நிபந்தனை.

அந்த வாரம்தான் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயரை நீக்கச் சொல்லி ஏற்கெனவே பல தடவை எழுதியிருக்கிறாள். அதெல்லாம் 'தொடர்புக்கு' என்ற பெட்டியில் விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டியை அவர் திறப்பதே இல்லை. பட்டியலில் சேருவதற்கு ஒரு போன் நம்பர் போட்டிருந்தார், விலகுவதற்குப் போடவில்லை. அவள் சேருவதற்கான நம்பரில் கூப்பிட்டாள்.

"சார், உங்க சைட்ல மொத ஆளா இருக்காரே மெக்கானிக், அவரு வீட்டுல இருந்து பேசறேன். அவரு தவறி மூணு மாசம் ஆச்சு. பேர எடுத்துடுங்க."

அடடா என்று வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தம்தான். அடுத்த வாரம் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் வரைக்கும் என்னால முடியாது சார். கூப்பிடறவங்க எல்லாருக்குமே மெஷின் ரிப்பேர். அதுக்குத்தானே கூப்பிடறாங்க? நான் சொல்றது யாருக்குக் கேக்கும்? 'செத்துட்டாரு, செத்துட்டாரு'ன்னு தினமும் கத்தறேன். கேக்காம வச்சுட்டு மறுபடி கூப்பிடறாங்க. எதிர்வீட்டுல ஜன்னல சாத்திக்கறாங்க. எம் பொண்ணு காதப் பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள ஓடிடுது."

நம்பரை மாற்றிவிடக்கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பேங்க், கேஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறது, ஒவ்வொன்றையும் மாற்ற அவருடைய கையெழுத்தைக் கேட்கிறார்கள், வாங்கித் தருகிறீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

போனை வைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தார். கோடு ஏற ஆரம்பித்தது மூன்று மாதத்துக்கு முன்பு. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை ஒரு தடவை கூப்பிட்டால் வேலை முடிந்திருக்கிறது. குரல் சொன்ன நம்பிக்கை எதுவென்று அப்போது விளங்கியது. விளங்கிய பிறகும் பக்கத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தானே.

மனசு கேட்காமல் மறுநாள் ஒரு பை ஆப்பிளோடு அவள் வீட்டுக்கே போனார், வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி நயமாகக் கேட்க. முன்னறையில் மெக்கானிக்கின் மேஜை அப்படியே இருந்தது. பூதக்கண்ணாடி விளக்கு, ஊசி மாதிரி திருப்புளிகள், மருந்து டப்பாக்களில் பொடிப்பொடித் திருகுகள். அவர் வெள்ளிக்கிழமை என்று வாயெடுக்கும்போதே மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அவள் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

எதிர்முனையில் ஒரு பெரியவர், மெக்கானிக் இருக்கிறாரா என்றார். கதவோரம் ஏழெட்டு வயதுப் பெண் நின்றிருந்தது. இரண்டு கையும் காதுக்குப் பக்கத்தில், தயாராக. லிஸ்ட்டுக்காரருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "வெளிய போயிருக்காரு. வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டார்.

பாருங்கள், அதுமட்டும் அந்தப் பெரியவருக்குத் துல்லியமாகக் கேட்டுவிட்டது. வீட்டு அடையாளத்தை அவரே சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு போனை வைத்தார்.

அவள் திட்டவில்லை. ஆப்பிள் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது. "நீங்க வரச்சொன்ன ஆள் வந்து படியில உக்காந்திருக்காரு. ரெண்டு பஸ் மாறி வந்தாராம். வந்து சொல்லிட்டுப் போங்க."

போனார். பெரியவர் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த மெஷினைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். லிஸ்ட்டுக்காரர் குனிந்து, அவர் இறந்துவிட்டார் என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே, மெதுவா வரட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை என்றார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். வெயிலில் அலையும் மனுஷன், சாப்பிட்டுவிட்டே வரட்டும் என்றார் பெரியவர். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது. கடைசியில் தொண்டை கிழியக் கத்தினார், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி. "செத்துட்டாருங்க. மூணு மாசத்துக்கு முன்னாடியே செத்துட்டாரு."

பெரியவரின் கண் அவர் வாயைவிட்டு விலகி வீட்டுக்குள் போயிற்று. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தது. அதைப் பார்த்துத்தான் பெரியவருக்குப் புரிந்தது.

மெஷினை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினார். எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்தப் புள்ள முன்னாடி வந்து நான் கேட்டிருக்க மாட்டேனே தம்பி" என்றார்.

லிஸ்ட்டுக்காரர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து போனைத் திறந்து முதல் பெயரை நீக்கினார். பச்சை டிக்கும் கூடவே போயிற்று. சாயங்காலத்துக்குள் கோடு மொட்டைமாடியிலிருந்து விழுந்த வாளி மாதிரி விழுந்தது. வெள்ளிக்கிழமை குரல் பேசக்கூட இல்லை. நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி. மனைவியிடம் முழுக்கதையையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, அந்தக் குழந்தை இப்போது என்ன படிக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. குடோனுக்குப் போட்டுப் போகச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவருக்கும் நமக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். போன் நிற்கவில்லையாம்.

தேடிப் பார்த்தார். வேறு ஐந்து டைரக்டரிகளில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எல்லாம் இவர் பக்கத்திலிருந்து வழித்து எடுத்தது. டிக்கையும் விட்டுவைக்கவில்லை, ஒருவர் அதை நட்சத்திரமாக்கி, 'நீண்ட காலமாக நம்பிக்கைக்குரியவர்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். ஐந்து பேருக்கும் எழுதினார். முதலில் பணிவாக, பிறகு கெஞ்சி, பிறகு தன் பெட்டியை முதல்முறையாகத் திறந்து, அதில் அந்தப் பெண் எழுதியிருந்த அதே வார்த்தைகளில். பதில் இல்லை. வராது என்பது அவருக்குத் தெரியும். 'தொடர்புக்கு' என்ற பெட்டிக்குள் கடிதங்கள் எப்படிக் கிடக்கும் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? அந்த ஐந்து பேரும் எங்கோ பனியனோடு உட்கார்ந்து, தூங்கிக்கொண்டே சம்பாதிக்கப் போகும் நாளுக்காக விழித்திருப்பார்கள்.

மெக்கானிக் நம்பருக்கு வரும் அழைப்புகளைத் தன் போனுக்குத் திருப்பிவிடும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார். பேங்க் செய்தி, பள்ளிக்கூடச் செய்தி எல்லாம் அங்கேயே இருக்கும்; கூப்பிடுகிறவர்கள் மட்டும் இவரிடம் வருவார்கள். அவள் சரி என்றாள்.

இப்போது குடோனில் பில் போடுகிறார். போன் அடித்தால் பின்படிக்கட்டுக்கு ஓடுகிறார். முதல் நாள் அவர் கத்தியதைக் கேட்டு சுமை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வரிசையாக வந்துவிட்டார்கள். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாமாவுக்கு இப்போதுதான் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது என்று மச்சான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நேற்று ஒரு அம்மாள் கூப்பிட்டாள். அதிசயமாக மூன்றாவது கத்தலிலேயே கேட்டுவிட்டது. "அய்யோ, நல்ல மனுஷனாச்சே. நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள்.

படிக்கட்டில் யாருமில்லை. "லிஸ்ட்டு போட்டவன்" என்றார், தொண்டைக்குள்ளேயே.

அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். கத்த வேண்டியிருந்தது.