மரக்காணத்துக்காரி பாங்காக்கில் உப்பு வாங்கிய கதை

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளக்காரர்களுக்கு வேலை கிடையாது. பாத்தி முழுக்க மழைத் தண்ணீர் நிற்கும். இருக்கிற உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு, தை வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு நவம்பரில் பாங்காக் கிளம்பினோம். நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும், நான்கு நாள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அனுமந்தையில் இருக்கும் என் அக்கா என்னோடு பேசிப் பத்து மாதம் ஆகியிருந்தது. தப்பு என்னுடையதுதான். புது வீடு குடிபோனபோது, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்காமல், ஊருக்கெல்லாம் அனுப்பிய மாதிரி அவளுக்கும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவள் வரவில்லை. அதற்குப் பிறகு வெறுங்கையோடு அவள் வாசலில் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஏதாவது வாங்கிவந்தால் அந்தச் சாக்கில் போகலாம் என்று நினைத்தேன்.

சென்னை விமான நிலையத்துக்குக் கார் வாடகை 3,200 ரூபாய். விமானத்துக்குப் போக வர ஆளுக்கு 19,400. மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும்.

முதல் நாள் காலை எட்டரைக்கே வாட் போ கோயில். நுழைவு அந்த ஊர்க் காசில் 300 பாட். நாற்பத்தாறு மீட்டர் நீளத்துக்குப் புத்தர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். இருபது வருஷமாக நான் கேட்கிற ஓய்வு அதுதான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி நடந்தார். அங்கிருந்து படகில் அக்கரைக்கு 5 பாட். வாட் அருண் கோபுரம் முழுக்கப் பீங்கான் துண்டுகளைப் பூப்பூவாகப் பதித்திருக்கிறார்கள். படி செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் கீழே நின்றே கும்பிடலாம். ஆற்றின் மேல் ஒரு கருமேகம் வந்ததுதான் தாமதம், இவர் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

"டேய், உப்பு மேல கீத்து ஒழுங்கா இருக்குதா பாருடா."

"ஏங்க, மேகம் இங்கதாங்க இருக்குது" என்றேன்.

சனிக்கிழமை சட்டுச்சாக் சந்தை. மேல்ரயிலில் 47 பாட் கொடுத்து மோசிட் நிலையத்தில் இறங்கினோம். ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் நகர முடியாது. மூன்று மணி நேரம் அக்காவுக்காக அலைந்தேன். கைப்பை வாங்கினால் பீரோவில் பூட்டிவைப்பாள். பட்டுத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கருவாடு காயப்போட முடியாது. யானைப் படம் போட்ட கால்சட்டையை நான் கையில் எடுத்ததும் இவர் சொன்னார்: "உங்க அக்காவுக்கு இத வாங்கினு போ, இன்னும் பத்து வருசத்துக்குப் பேசமாட்டாங்க."

சலித்துத் திரும்பும்போதுதான் அந்தக் கடை. சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் உப்பு. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்தபடி ஒரு சிட்டிகை எடுத்து என் கையில் வைக்க வந்தாள். நான் படக்கென்று கையை இழுத்துக்கொண்டு, கடைப் பலகையைக் காட்டி, அதில் வைக்கச் சைகை செய்தேன். அவள் முகம் வாடிவிட்டது. புட்டியை மூடினாள். அவள் கையைத்தான் அழுக்கு என்று ஒதுக்குகிறேன் என நினைத்திருக்கிறாள். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. பத்து மாதத்தில் நான் மனம் நோகவைத்த இரண்டாவது ஆள் இவள்.

இவர் போனை எடுத்துத் தமிழில் பேசி, அது தாய்லாந்து மொழியில் மாற்றித் தந்ததை அவளுக்குக் காட்டினார்: "எங்க ஊர்ல உப்ப கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்க. உங்ககூட சண்டை வேணாம்னுதான் இவங்க கைய எடுத்துட்டாங்க." படித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். பிறகு ஒரு வாழையிலைத் துண்டில் உப்பை வைத்து நீட்டினாள்.

அவர்களுடையதும் கடலோர உப்பளம்தானாம். பாத்தியில் மேலே ஏடு மாதிரி மிதக்குமே, அதை மட்டும் அள்ளிப் புட்டியில் அடைத்து 120 பாட்டுக்கு விற்கிறார்கள். நம் காசுக்கு முந்நூற்று முப்பது ரூபாய் ஆகிறது.

"இதத்தானே நாம கலைச்சு வுடறோம்" என்று இவர் வாயைப் பிளந்தார். நான் ஒன்று வாங்கினேன். "மரக்காணத்துக்கு உப்பு வாங்கினு போற மொத ஆளு நீதான்" என்று ஊர் வந்து சேரும்வரை கிண்டல்.

போகிறவர்களுக்கு: விசா விதி மாறிக்கொண்டே இருக்கிறது, டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். கோயிலுக்குத் தோளும் முட்டியும் மறைகிற மாதிரி உடுத்துங்கள், நம் புடவை போதும். படகுக்குச் சில்லறை வேண்டும். புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

வந்த மறுநாள் காலையே அனுமந்தை போனேன். அக்கா வாசலில் கருவாட்டுக்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். புட்டியை அவள் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

"இன்னாடி இது?"

"உப்புக்கா. பாங்காக்குல வாங்கினேன். நேர்ல குடுக்கணும்னு வந்தேன்."

புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"எடுத்துக் கையிலயே குடு. நாம போடாத சண்டையா இனிமே புதுசா வந்துடப் போவுது?"

கொடுத்தேன். விலையைக் கேட்டதும் சண்டை வந்தேவிட்டது. மத்தியானம் வரைக்கும் திட்டினாள், சோறு போட்டுக்கொண்டே.