கண்ணாடியின் மேல்நடுவில் ஒரு பொட்டு

ஜீவானந்தத்துக்குப் பயம் என்பது சட்டைப்பையில் இருக்கும் பேனா மாதிரி. அது இல்லாமல் வேலைக்குக் கிளம்பமாட்டார். நாமக்கல்லில் ஒரு கார் ஷோரூமில் டெலிவரி பொறுப்பு அவருக்கு. விற்ற வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, பூசை முடித்து, வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்து அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே வேலைதான். இன்றைக்கும் ஒரு வண்டி கேட்டைத் தாண்டினால், அது வளைவில் மறைகிற வரைக்கும் வாசலைவிட்டு நகரமாட்டார்.

அவர் அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் லியோரா என்கிற சின்ன செடான். அதன் மூன்று தலைமுறையும் அவர் கையில்தான் மாலை வாங்கிக்கொண்டன. முதல் லியோரா, அவர் வேலைக்குச் சேர்ந்த 2013இல் வந்தது. நாலு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதற்காக வாலை நறுக்கியிருந்தார்கள். டிக்கி பின்னால் ஒட்டவைத்தது போல இருக்கும். ஆனாலும் இரண்டு மூட்டை கோழித்தீவனம் போகுமே என்று நம் ஆட்கள் வாங்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து வந்த இரண்டாவது, அகலமாகி, முகம் நிமிர்ந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். சாவியை எங்கே சொருகுவது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டியது.

மூன்றாவது போன வருஷக் கடைசியில் வந்தது. ஆறு ஏர்பேக். விலை கூடிய வேரியண்டில் முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு கேமரா. எதிரே வண்டியோ ஆளோ வந்தால் முதலில் கத்தும். கேட்காவிட்டால் தானே பிரேக் போடும். பயந்த மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? “இனிமே நிம்மதியாத் தூங்குவேன்” என்று மனைவி கமலவேணியிடம் சொன்னார். “நீங்க தூங்கிட்டாலும்” என்றாள் அவள்.

கேமரா வைத்த வண்டியை அந்த ஷோரூமில் முதலில் வாங்கியவர் மதுமதி, சேந்தமங்கலத்துப் பள்ளி ஆசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றிருந்த லாரியின் பின்னால் ஸ்கூட்டரை விட்டுத் தோள்பட்டை உடைந்தவர். அதிலிருந்து வண்டி என்றாலே உள்ளங்கை வேர்க்கும். இந்தக் கார் தானாக நிற்கும் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தார்.

“நெசமாலுமே தானா நிக்குமாங்ணா?”

“நிக்குமுங்க மேடம். நீங்க பயப்படவே வேண்டாமுங்க. டேஷ்போர்டுல நாலு வெளக்கு புதுசு புதுசா எரியும், அதுக்கும் பயந்துக்காதீங்க. ஓட்டறப்ப போனு மட்டும் எடுக்காதீங்க.”

பூசை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கண்ணாடியில் சந்தனத்தை மூன்று பட்டையாகக் கெட்டியாக இழுத்து நடுவில் குங்குமம். ஜீவானந்தம் பொட்டு வைக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். கண்ணாடியின் மேல்நடுவில், ஓட்டுகிறவர் பார்வைக்கு மறைக்காத இடம். யாராவது கீழே வைக்க வந்தால் சண்டைக்கே போவார். அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு மதுமதியும் அவர் அப்பா பாலசுந்தரமும் போட்டோவுக்கு நின்றார்கள். வண்டி கிளம்பியது. வளைவில் மறைந்தது.

போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். மாலை கோணலா, நம்பர் பிளேட் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே விரலை மேலே நகர்த்தினார். சந்தனப் பட்டை. அதற்கு நேர் பின்னால், கேமரா இருக்க வேண்டிய இடம்.

சேலத்தில் நடந்த பயிற்சியில் இதைத்தான் முதலில் சொன்னார்கள். கேமராவுக்கு முன்னால் ஸ்டிக்கர் கூட ஒட்டக்கூடாது என்று தன் கையாலேயே நோட்டில் எழுதியிருந்தார். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதீங்க என்று சொன்னதே அவர்தானே. மறுபடி போட்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் ரோட்டில் விட்டார்.

‘முப்பதுக்கு மேல போயிருக்க மாட்டாங்க’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த நிமிஷமே, தானாக நிற்கும் என்ற தைரியத்தில் அறுபதில் போயிருந்தால்? எதிரே ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அது தாண்டிப் போகும்வரை அவருக்கு மூச்சு வரவில்லை. இத்தனை வருஷம் ஜாக்கிரதையாக இருந்தது எல்லாம் இந்த ஒரு பொட்டுக்காகத்தானா என்று அழுகையே வந்துவிட்டது.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பார்த்தார். நடுரோட்டில் வெள்ளை லியோரா நின்றிருந்தது. முன்னால் ஒரு முட்டை வண்டி. ஆட்டுமந்தை குறுக்கே வந்து முட்டை வண்டி சட்டென்று நின்றிருக்கிறது. காரில் தொங்கிய சாமந்தி மாலை அந்த வண்டியின் பின்கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேறெதுவும் தொடவில்லை.

மதுமதி ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டில் அப்பா. ஜீவானந்தத்தைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்:

“நான் பிரேக்குல காலை வெக்காம பாத்துட்டே இருந்தனுங்ணா. தானா நிக்கும்னு சொன்னீங்கல்ல.”

ஜீவானந்தத்துக்கு அதைவிட அடித்திருந்தால் தேவலை.

“அப்புறம்?”

“நிக்கல. கடைசீல நாந்தான் மிதிச்சேன்.”

பழுது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கம்பெனி பார்த்துக்கொள்ளும், அவர் வேலையும் நிலைக்கும். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் ஸ்டீயரிங்கை இன்னும் விடாத அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வாயில் பொய் வரவில்லை.

“வண்டி மேல தப்பில்லீங்க மேடம். நான் வெச்ச பொட்டு கேமராவ மறைச்சுப்போட்டுது. பயப்படவே வேண்டாம்னு சொன்னனே, அது அதைவிடப் பெரிய தப்பு. ஷோரூம்ல சொல்லணும்னாலும் சொல்லுங்க.”

கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தைத் துடைக்கப் போனார். பாலசுந்தரம் பதறினார்.

“ஏனுங்க, பூசை பண்ணுன பொட்டை அழிக்கறீங்க? நல்லதுக்கில்லீங்க.”

“அழிங்ணா” என்றார் மதுமதி. கதவைத் திறந்து இறங்கி வந்து, கைக்குட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலில் எடுத்தார். திரும்பிப் போய்க் குனிந்து பிரேக் பெடலில் வைக்கப் போனார்.

“கால் படற எடத்துல வெக்கறியே சாமி” என்றார் அப்பா.

“அதுதானுங்கப்பா நிறுத்துச்சு.”

ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கியது. கலங்கியபடியே பழைய பயமும் எட்டிப் பார்த்தது.

“மிதிக்கிற பக்கம் வேண்டாமுங்க மேடம், வழுக்கும். மேல தண்டுல வெய்யுங்க.”

மதுமதி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பொட்டைத் தண்டில் வைத்தார்.