சரையாய்ப் போன சட்டை அளவுகள்

அற்புதராணிக்குக் கோபம் வந்தால் கத்திரிக்கோலை மேசையில் வைத்துவிடுவாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கதைப்பது யாருக்கும் நல்லதல்ல என்று அவளுக்கே தெரியும். அன்று காலை கத்திரிக்கோல் மேசையில் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். சுவரில் ஆணி இருந்தது. ஆணியில் தொங்க வேண்டிய கடதாசிக் கட்டைக் காணவில்லை.

கட்டு என்றால் சும்மா கட்டு அல்ல. கடற்கரைக் குருநகரில் இருந்த காலம் தொட்டு அவளிடம் தைத்த பெண்களின் உடம்பெல்லாம் அதில்தான் இருந்தது. பழைய பேப்பரிலும் சீமெந்துப் பைக் கடதாசியிலும் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று தனித்தனியாக வெட்டி, ஆளின் பெயரை எழுதி, நூலில் கோத்து வைத்திருந்தாள். ஒருத்தி பருத்தால் ஓரத்தில் ஒரு கீற்று ஒட்டுவாள். மெலிந்தால் மடித்துக் குண்டூசி குத்துவாள். யார் பிள்ளைத்தாய்ச்சி என்பது பங்குச் சுவாமியாருக்கு முன்னமே அந்தக் கட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஊரில் பகிடி விடுவார்கள். கடதாசியில் பிழைத்தால் கடதாசியோடு போய்விடும், சீலையில் பிழைத்தால் எங்கே போவது என்பது அவள் நியாயம்.

தைக்க வரும் சீலைத்துணி விஷயத்திலும் பொல்லாதவள். வெட்டுவதற்கு முதல் நாளே கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதாகக் காயுமுன் அயன் பண்ணி, ஓரத்தில் ஒரு நூலை உருவி நேர் பார்த்த பிறகுதான் அதன்மேல் கடதாசியை விரிப்பாள். "சுருங்கிறதெல்லாம் இப்பவே சுருங்கட்டும். தைச்சாப்பிறகு சுருங்கினால் உமக்கு மூச்சு முட்டும், எனக்குப் பேர் கெடும்" என்பாள். தண்ணீர் பட்டால் அதைப் புதுக் கோடிச்சீலை என்று சொல்லலாமோ என்று முகம் சுளித்த ஒரு கலியாண வீட்டுக்காரியை, சீலையைக் கையில் கொடுத்து அப்படியே திருப்பி அனுப்பியவள். "கோடியாம் கோடி! மணவறையிலை கக்கம் கிழியட்டும், அப்ப தெரியும்" என்று அவள் சொன்னது வாசல் படலைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு, பக்கத்துக் கோட்டையில் சண்டை தொடங்கிக் குருநகரில் ஷெல் விழுந்தபோது தையல் மெசினை அண்ணன் சிமியோனின் சைக்கிளில் ஏற்றினார்கள். கடதாசிக் கட்டு அற்புதராணியின் தலையில் வந்தது. பிறகு அரியாலையில், தெரிந்த ஒருவரின் வீட்டுப் பின்புறத்து இரண்டு அறைகளில் வாழ்க்கை. அண்ணன், அண்ணன் மனைவி மரியநாயகி, கலியாணம் கட்டாத இவள். மீன் பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை வந்துவிட்டது. அண்ணன் யாருடையவோ வலைகளின் கிழிசலைப் பொத்திக் கொடுத்தார். அடுப்பு எரிந்தது மெசினால்தான்.

பொருளாதாரத் தடையில் ஊருக்குள் சீலை வருவதும் நின்றது. பெண்கள் பெட்டியின் அடியில் கிடந்த கடைசித் துண்டைத் தேடியெடுத்துத் தைக்கக் கொடுத்தார்கள். சிதறிப்போன குருநகர்ச் சனம் நேரில் வரவும் முடியாது. பருத்தித்துறைக்குப் போனவள் பஸ்ஸில் வரும் யாரிடமாவது சீலையை மட்டும் கொடுத்துவிடுவாள். ஆளுக்குப் பதில் அவளுடைய கடதாசிதான் மேசையில் கிடக்கும். இப்போது டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வருகிறது. ஊறப்போட்டு உலர்த்திய சீலைகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. வெட்ட அளவு இல்லை. புதிதாய் வெட்டக் கடதாசிக்கு எங்கே போவது? செய்திப் பேப்பரே கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம் அது.

"மச்சாள், உந்த ஆணியிலை கிடந்தது எங்கை?"

குசினி அடுப்படியிலிருந்து மரியநாயகி தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள். "பழங்கடதாசியோ? பஞ்சலிங்கத்தின்ரை கடைக்குக் குடுத்திட்டன். சரை சுத்தக் கடதாசி இல்லையெண்டு கேட்டவர். அரைக் கட்டி சவர்க்காரம் தந்தவர்."

அற்புதராணி செருப்பும் போடாமல் ஓடினாள். கடையில் பஞ்சலிங்கம் ஒரு துண்டைக் கூம்புச் சரையாகச் சுருட்டி, அதற்குள் மல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அதை வையுங்கோ! அது லூர்த்தம்மான்ரை முதுகு!"

"முதுகோ? நான் மல்லியெல்லே பிள்ளை சுத்துறன்" என்றார் அவர், பாவம்.

மல்லியை அவருடைய மேசையிலேயே கொட்டிவிட்டு லூர்த்தம்மாவைப் பறித்தாள். மிச்சம் இருந்தது ஒரு கைபிடி. கழுத்து இல்லாதவர்களும் கை இல்லாதவர்களுமாக ஒரு கைபிடி. மற்றவர்கள் மிளகாய்த்தூளையும் கச்சான் கடலையையும் சுமந்துகொண்டு அரியாலை வீடுகளுக்குப் போய், அந்நேரம் அடுப்புக்குள்ளும் போயிருப்பார்கள்.

திரும்பி வந்தவள் முற்றத்தில் நின்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினாள். படிப்பறிவில்லையா, கண்ணில்லையா, பெயர் எழுதியிருந்தது தெரியவில்லையா, இந்த வீட்டில் யாருடைய உழைப்பில் உலை கொதிக்கிறது? அவள் சொன்ன எல்லாமே நியாயம்தான். மரியநாயகி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கத்தும், நல்லாக் கத்தும். ஷெல் விழேக்கை என்ரை உடுப்புப் பெட்டியை விட்டிட்டு உந்தக் கடதாசியைத்தானே சுமந்து வந்தனீர்? நான் கட்டின சீலையோடை வந்தனான். ஒரு வார்த்தை சொன்னனானோ?"

"அதுக்காகக் கொண்டுபோய்க் கடைக்குக் குடுக்கிறதோ?"

"இருக்கிற சட்டையைத் தோய்க்கச் சவர்க்காரம் இல்லை. குடுக்க முதல் ஒவ்வொண்டாய்ப் பேர் பாத்தனான் மச்சாள். ஊரிலை உள்ளவள் எல்லாரும் கிடக்கிறாள். செத்துப்போனவளும் கிடக்கிறாள். உம்மடை அண்ணையைக் கட்டின நாள் தொட்டு உமக்குச் சமைச்சுப் போடுறன். என்ரை பேர் எங்கை?"

"வீட்டு ஆளுக்கு என்னத்துக்குக் கடதாசி? நான் கண்ணாலை பாத்து வெட்டுவன்."

"ஓம். ஆரின்ரையோ மிச்சத் துண்டிலை, நனைக்காமல், கண்ணாலை பாத்து."

அந்தச் சொல் அற்புதராணிக்குக் கோபத்தையே தந்தது. உள்ளே போய் அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"வாரும் உள்ளை. கையைத் தூக்கும்" என்றாள், அடிக்கப் போகிறவள் போல.

அறைக்குள் மரியநாயகி சட்டையின் கொளுக்கிகளைக் கழற்றி மெதுவாகக் கையை உயர்த்தினாள். கக்கத்தைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஓரிடத்தில் உரிந்து சிவந்திருந்தது. வேர்க்குருவாக இருக்கும் என்று அற்புதராணி நினைத்துப் பார்த்தாள். நம்ப முடியவில்லை. முன்னால் இறங்கி, அடியில் வளைந்து, முதுகுப் பக்கம் ஏறிய அந்தக் கோடு சட்டையின் கைக்குழித் தையல். அவளே நனைக்காமல் வெட்டிய வளைவு, அவளே ஓட்டிய தையல், தோய்க்கத் தோய்க்கச் சுருங்கி இறுகிய சட்டை. கடைக்காரனிடமும் மச்சாளிடமும் கொட்டிய கோபம் அத்தனையும் அவள்மேலேயே திரும்பி விழுந்தது. அதை எந்த முற்றத்தில் நின்று கத்துவது?

நாடா பட்டதும் மரியநாயகி சுருங்கினாள். "மெல்ல, மச்சாள். நோகுது."