கள்ளித் தொட்டியில் கஞ்சி

கீழே தறிச் சத்தம் நின்றால் நான் படியைத் திரும்பிப் பார்ப்பேன். சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது.

வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகளில் கள்ளி வளர்க்கிறேன். கீழே வீட்டுக்காரர் நெய்கிறார். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

ஒரு நாள் காலை, ஆலைக்குக் கிளம்பும் நேரத்தில் தறி நின்றது.

"தம்பி, கொஞ்சம் கீழ இறங்கி வாப்பா" என்றார் அக்கா.

தறியில் சந்தன நிறக் கல்யாணப் புடவை பாதி வளர்ந்திருந்தது. அதில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. குறுக்கே ஓடும் ஊடை இழையோடு சேர்ந்து அடிபட்ட பொடி ஈ. அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசி முனையால் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "எங்கேர்ந்து வருதுன்னு தெரியுதா? நேத்து துணி காயப்போட வந்தேன். உன் தொட்டியத் தொட்டா பொக மாதிரி கெளம்புது. செடி வளக்கிறியா, ஈ வளக்கிறியா? முள்ளுச்செடி வூட்டுக்கு ஆவாதுன்னு அப்பவே சொன்னேன்."

நான் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தேன்.

"இன்னொரு பூச்சி இந்தப் புடவைல வுழுந்துச்சு, அத்தினி தொட்டியும் தெருவுலதான். சொல்ட்டேன்."

அக்கா சொன்னது சரிதான். ஆலையில் உமி சும்மா கிடைக்கிறது என்று, அதையும் தென்னை நார்க் கழிவையும் எருவையும் கலந்துதான் செடிகளை நட்டிருந்தேன். மழையில் அது காயவே இல்லை. அன்று மாலை ஒரு தொட்டியைக் கவிழ்த்தேன். மக்கிய உமிக்குள் கண்ணாடி இழை மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. வேரில் மாவுப்பூச்சி வேறு அப்பியிருந்தது.

கள்ளிக்கு மண்ணே வேண்டாம், வெறும் கல்லில் நட்டால் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது என்று கைப்பேசிக் காணொளியில் ஒருவர் பேசிக் கேட்டிருந்தேன். தெருக்கோடியில் இடித்த வீட்டின் செங்கல்லைக் கேட்டு வாங்கி வந்து உடைத்தேன். பொடி ஜல்லியும் சேர்த்துச் சலித்து, தூசி போகும்வரை கழுவினேன். செடிகளைப் பிடுங்கி, வேரை அலசி, அழுகியதை வெட்டி, நிழலில் செய்தித்தாள் மேல் படுக்கவைத்தேன். வெட்டுக்காயம் காயாமல் நட்டால் செடி அழுகிவிடும். அந்த ஒரு வாரமும் ஆலையிலிருந்து திரும்பும்போது, தெருமுனையிலேயே பார்ப்பேன், வாசலில் தொட்டிகள் கிடக்கின்றனவா என்று.

கல்லில் நட்ட பிறகு ஈ குறைந்தது. பிறகு இல்லவே இல்லை. அண்ணன் ஒரு நாள் மாடிக்கு வந்து பார்த்தார்.

"இன்னாபா, ஒரு பிடி மண்ணு கூட இல்ல! பட்டினி போட்டுட்டியா?"

"அதுக்கு இதுவே போதும்ணே."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

புடவை முடிய இன்னும் ஒரு முழம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி நின்றது. மறுபடி ஓடும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. படியில் காலடி கேட்டது.

அக்கா வந்தார். விரல் நுனியை நீட்டினார். அதில் ஒரு ஈ. "புடவைக்கு மேலயே பறந்துக்கினு இருந்துது. நல்ல வேள, கையால புடிச்சேன்."

ஓரமாக இருந்த ஒரு தொட்டியைத் தூக்கினார். ஈக்கள் கிளம்பின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. புளித்த வாடை. இந்தத் தெருவில் அந்த வாடை எல்லாருக்கும் தெரியும். போன வாரம்தான் தறிக்கான நீள நூலை, பாவை, தெருவில் விரித்துக் கஞ்சி போட்டார்கள். இங்கே மீந்த கஞ்சியை யாரும் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். ஏதாவது செடிக்கு ஊற்றிவிடுவார்கள்.

தொட்டியோடு அக்கா படியிறங்கத் திரும்பிவிட்டார். இப்போது பேசாவிட்டால் எல்லாம் போய்விடும்.

"அக்கா... யாரோ கஞ்சி ஊத்தியிருக்காங்க."

"யாரோன்னா? மாடிக்குப் பேயா வருது?"

படியின் கீழிருந்து அண்ணன் குரல் வந்தது. "நாந்தாம்மா ஊத்துனேன். வெறுங்கல்லுல நிக்குதுங்களேன்னு மனசு கேக்கல."

அக்கா எட்டிப் பார்த்தார். "மனசு கேக்கலியா? உன் புடவைக்கு நீயே பூச்சி வளத்தியா? எனக்கு ஒரு வேள சோறு போட்டுக் குடுத்திருப்பியா இத்தினி வருசத்துல?"

அக்கா என் பக்கம் திரும்பினார். தொட்டி இன்னும் கையில்தான் இருந்தது.

"கழுவுனா போயிடுமா?"

"போயிடும்க்கா. கல்லுதானே."

"இன்னிக்கே கழுவு. அவரையும் கூட ஒக்கார வெச்சிக்கோ."

தொட்டியைக் கீழே வைத்தார். நான் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். அண்ணன் மேலேறி வந்து அதன் முன்னால் உட்கார்ந்து முதல் செடியைப் பிடுங்கினார். உடனே அக்கா கத்தினார்.

"ஐயோ, கைய எடு! முள்ளு ஏறுச்சுன்னா வெரல் சொரசொரப்பாயிடும், நாளைக்குப் பட்டு இழ இழுத்துக்கும். எழுந்து வா நீ."

அண்ணன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். மீதியை நானே கழுவினேன்.

புடவை ஒரு புள்ளி இல்லாமல் தறியிலிருந்து இறங்கியது. மாடிக் கதவுக்கு அக்கா பூட்டுப் போட்டுவிட்டார். ஒரு சாவி அவர் இடுப்பில், இன்னொன்று என்னிடம். அண்ணனுக்குச் சாவி கிடையாது.