ஒரே ஒரு தேள் வாங்கப் போனேன்

டாக்டரிடம் என் மகள் பொய் சொன்னாள். கண்ணீர் வழிய, வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்.

"எங்க வச்சும்மா கொட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுக்குப் பின்னால, துவைக்கிற கல்லுகிட்ட. சோப்பு கீழ விழுந்துட்டு, எடுக்கப் போனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரைமணி நேரத்துக்கு முன் அவள் அலறியது மாடி ரூமிலிருந்து. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள். தேள் ஒன்று பெட்டிச் சந்துக்குள் நுழைவதை என் கண்ணால் பார்த்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, போகிற வழியிலேயே கணவருக்குப் போன் செய்தேன். எங்களுக்கு முன்பே அவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றிருந்தார். இப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறார். பதினோரு வயதுப் பிள்ளை, விரல் வீங்கிக் கடுக்கிற நேரத்தில், அப்பா முன்னால் என்னைக் காப்பாற்றுகிறாள். "இல்லை டாக்டர், மாடியில்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஊசி போட்டார்கள், சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்தார்கள், பயமில்லை என்று அனுப்பினார்கள்.

மாடி ரூம் விஷயம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, முறம், டப்பா எல்லாம் கயிற்றில் கோத்து வாசலில் தொங்கும். செல்லில் சாமான் வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "எல்லாரும் செல்லுலயே வாங்குனா நான் யாருக்கு விக்க?" என்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு, அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வாரத்துக்கு நாலைந்து பார்சல் வந்துகொண்டிருந்தது. மாடியில் வெக்கை அதிகம், அவர் ஏற மாட்டார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

எப்போது தொடங்கியது என்று யோசித்தால் ஒரு சப்பாத்திக் கட்டைதான் நினைவுக்கு வருகிறது. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனபிறகு, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால், வீடு வாயை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் செல்லில் கட்டைவிரல் தானாக ஓடும். ஆர்டர் போட்டதும் உடம்பு லேசாகிவிடும். நாளைக்கு வரும், நாளைக்கழித்து வரும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். வந்து சேர்ந்த அன்றைக்கு அது செத்துப்போகும். பிரித்துப் பார்க்கக்கூடத் தோன்றாது. காய் நறுக்குகிற மெஷின், கோல அச்சு, மெத்தை விரிப்பு, கண்ணாடி துடைக்கிற குச்சி என்று எல்லாம் டேப் ஒட்டியபடியே மேலே போயின. இதில் கேவலம் என்னவென்றால், அவற்றையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கென்று டப்பாக்களும் வாங்கினேன். அந்த டப்பாக்களையும் பிரிக்கவில்லை.

தேள் கொட்டிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கணவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். பிள்ளையைக் கொட்டிய தேளைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று துவைக்கிற கல்லைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கல்லைப் புரட்டுவார், குனிந்து பார்ப்பார், அடுத்த கல்லுக்குப் போவார். இல்லாத இடத்தில் ஒரு மனிதன் இப்படித் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நான் தோசை சுட்டேன். அந்தத் தோசையை அவர் தட்டிலும் வைத்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

சாப்பிட்டு எழுந்தவர், "கோயிலுக்குப் போயி ஒரு தேளு வாங்கி உண்டியல்ல போட்டுட்டு வா. பிள்ளையையும் கூட்டிட்டுப் போ" என்றார். எங்கள் ஊர்க் கோயிலில் அது வழக்கம். வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் இருந்தால், தகட்டில் அச்சடித்த அதன் உருவத்தை வாங்கி உண்டியலில் போடுவோம். எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்து போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் நடந்துபோகிற தூரத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் போட்டதில்லை.

கோயிலுக்கு வெளியே ஒரு அம்மா தட்டில் உருவங்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். "ஒரு தேளு குடுங்க" என்று கேட்டேன். கொடுத்தாள். பக்கத்தில் பாம்பு இருந்தது. தேள் இருக்கிற வீட்டுக்குப் பாம்பு வராதா என்ன, அதையும் எடுத்தேன். பூரானும் அப்படித்தான். பிள்ளைக்குக் கையில்தானே கொட்டியது, கை உருவம் ஒன்று. கை போட்டால் கால் போடாமல் விடலாமா? கண் ஒன்று, வீடு ஒன்று, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உடனே வந்து நின்றது. உள்ளங்கையில் தகடுகள் கூடக்கூட நெஞ்சில் அந்தப் பழைய லேசான உணர்வு பரவிற்று. நேற்று இந்நேரம் ஆஸ்பத்திரியில் நின்றவள் நான்தானா என்பதே மறந்துவிட்டது. "இதுல செட்டா எடுத்தா என்ன வெல?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செட்டா? சாமிக்குப் போடுததுக்கு யாரும்மா செட்டு கேப்பா? ஒரு தேளுன்னுதான கேட்ட?"

கையை விரித்துப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. அதற்குள் என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கோபமோ கிண்டலோ இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இதையும் மாடி ரூம்ல வைக்கப் போறியாம்மா?"

யாரோ என்னைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. நான் வாங்கிக்கொண்டிருந்தது சாமிக்கு இல்லை. என் பிள்ளையின் விரலுக்கும் இல்லை. சாமி சந்நிதிக்கு வெளியே நின்றுகொண்டு, பிள்ளைக்கு விஷம் ஏறியதை ஒரு சாக்காக வைத்து நான் மறுபடியும் வாங்கிக்கொண்டிருந்தேன். செல் கையில் இல்லை, ஆஃபர் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியானால் குற்றம் செல்லில் இல்லை, என்னிடத்தில்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பயந்துபோனேன். பத்துத் தகடுகளையும் தட்டில் திருப்பி வைத்தேன். தேளை மட்டும் கொண்டுபோய் உண்டியலில் போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் துவைக்கிற கல்லையே பெயர்த்துப் போட்டிருந்தார். உடம்பெல்லாம் மண்.

"அங்கன இல்லங்க" என்றேன். "மாடில இருக்கு. மாடி ரூம்லதான் கொட்டுச்சு."

அவருக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தார். "ஏட்டி, அப்ப டாக்டர்கிட்ட பொய்யா சொன்ன?"

"அம்மாவ ஏசுவியல்லா, அதான்" என்றாள் அவள்.

மாடிக்கு மூவரும் ஏறினோம். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை, பெட்டிகள் தடுத்தன. அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். கத்துவார், என் அம்மாவுக்குப் போன் போடுவார், என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் மேலாக இருந்த ஒரு பெட்டியை எடுத்து டேப்பைக் கிழித்தார். ஆறு டப்பா, ஒன்றுக்குள் ஒன்று.

"இது நம்ம கடைலயே இருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

ஒவ்வொரு பெட்டியாக வெயிலில் மொட்டை மாடிக்குத் தள்ளினோம். எல்லாவற்றுக்கும் அடியில் கரப்பான்கள் ஓடின. கரப்பான் இருக்கும் இடத்துக்குத் தேள் வரும் என்று அவர் சொன்னார். சுவரோரம் தேளும் கிடைத்தது, கடப்பாரையாலேயே அடித்தார். அப்புறம்தான் மகளிடம் கேட்டார்.

"நீ எதுக்குட்டி இங்கன வந்த?"

"பல்லி மெஷின தேடி வந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. அவளுக்குப் பல்லி என்றால் உயிர் போகும். போன வருஷம் படுக்கையில் ஒன்று விழுந்ததிலிருந்து "எம்மா, பல்லி வருதும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பிளக்கில் சொருகினால் பூச்சி, பல்லி எல்லாம் ஓடிவிடும் என்று ஒரு மெஷினைப் பார்த்து, "ஆர்டர் போட்டிருக்கேன், வந்துரும்" என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நாள் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

அந்த மெஷின் இருந்தது. மூன்று இருந்தன. மூன்று வெவ்வேறு பெட்டியில், மூன்றும் டேப் ஒட்டியபடி. இரண்டாவதையும் மூன்றாவதையும் எப்போது வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அட்டையில் பல்லி, கரப்பான், தேள் எல்லாவற்றையும் வரிசையாக வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். என் மகள் வீங்கிய விரலை மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்படி நான் அழுததில்லை.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். நாலாம் நாளே, பிள்ளை கையில் மாட்டிக்கொள்ள நல்லது என்று கையுறை ஒன்றைச் செல்லில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று, அவரிடம் காட்டிவிட்டேன். அவர் கடைக்காரர் புத்தியில் ஒன்று சொன்னார். "சரக்கு ஆர்டர் போடுததுக்கு முன்னால நான் குடோனுக்குப் போயி கண்ணால பாத்துட்டு வருவேன். நீயும் மேல போயி பாத்துட்டு வந்து போடு. நான் வேண்டாங்கல." திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடமும் கூட்டிப்போனார். இது ஒரு நோய்தான், வைத்தியம் உண்டு என்று டாக்டரம்மா சொன்னபோது நிம்மதியாகவும் இருந்தது, ரோஷமாகவும் இருந்தது. ஆனால் எனக்குப் பெரும்பாலும் வேலை செய்தது அந்த மாடிப்படிதான். ஆசை வந்தால் ஏறுவேன். அந்த வெக்கையில் நின்று, மிச்சம் இருக்கிற பெட்டிகளைப் பார்ப்பேன். இறங்கி வரும்போது பெரும்பாலும் ஆசை இருக்காது. மீறி வாங்கினால் பார்சல் கடை முகவரிக்குத்தான் வரும், அவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். அப்படி வாங்கியதும் உண்டு. தலையைக் குனிந்துகொண்டு வாங்கினேன்.

மெஷின்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்றையும் என் மகள் அறையிலேயே சொருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாம் நாள் பார்த்தால், ஒரு பல்லி அந்த மெஷின் மேலேயே ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்க்கிறது. மூன்றுமே உதவாது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள், நானும்.

இப்போதும் சாயங்காலமானால் அந்த அறையிலிருந்து "எம்மா, பல்லி!" என்று சத்தம் வரும். செல்லை வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நான் எழுந்து போகிறேன்.